கோப்பைகள் மேசையிலேயே இருக்கட்டும்

1

இந்தக் கதை ஒரு நன்றிக் கடிதமாகத்தான் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தின் கடிதங்களை எழுதுவது என் பொறுப்பு. ஆண்டு மாநாட்டுக்கு எங்களைத் தயார்செய்ய ஓசியெக் நகரத்திலிருந்து வாராவாரம் வந்துபோன தேனாவுக்கு நாலு வரியில் நன்றி எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுத்தந்தபடி இடம், தேதி, விளிப்பு எல்லாம் முறையாகப் போட்டேன். "தாங்கள் எங்களுக்குச் செய்த பேருதவி யாதெனில்" என்று எழுதிவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

என்ன உதவி செய்தாள்? எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொடுத்தாள். இதை நாலு வரியில் எழுதினால் படிப்பவர்கள் எங்களை முட்டிவலிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே கடிதம் கதையாயிற்று.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பனி கொட்டிய ஒரு மாலையில், நெவெங்கா தன் தங்கையை நினைத்து ஜன்னலோரம்"

(வேண்டாம். நெவெங்கா ஜன்னலோரம் நிற்கிற ஆள் இல்லை. ஜன்னலருகே போனால் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.)

அடுத்தது: "பெண்ணியம் என்பது வீட்டு வேலையை வேலை என்று பெயர்சொல்லி அழைப்பதில் தொடங்குகிறது. ஆனால்"

(இது மேடைப் பேச்சு. அந்த "ஆனால்" மட்டும் இருக்கட்டும். கதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.)

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்லாவோனியா வட்டாரத்தின் சிற்றூர்ச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கார் உண்டு. ஓட்டுவதற்கு ஆளும் உண்டு. அடுத்த ஓராண்டு அது எந்த ஊரில் நிற்கும் என்பதை மாநாடுதான் முடிவுசெய்யும். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பச்சை அட்டையை உயர்த்த வேண்டும். வெளியே இருப்பவருக்கு ஓட்டில்லை.

எங்கள் சங்கத்து நெவெங்காவின் தங்கை யெலாவுக்குப் புற்றுநோய். சிகிச்சை ஓசியெக் மருத்துவமனையில். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நடுவழி நிறுத்தத்தில் பையில் வாந்தியெடுத்தபடி அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பாள். போன ஆண்டு மாநாட்டில் நெவெங்கா கார் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தாள். தோற்றது. ஏன் தோற்றது என்பதுதான் எங்கள் வெட்கம். ஓட்டெடுத்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நெவெங்கா. அந்த மூன்று அட்டைகள் உயர்ந்திருந்தால் கார் எங்களுக்கு.

கழுவச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அன்றைய அமர்வின் தலைப்பு "ஊதியமில்லா வீட்டு உழைப்பு" என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் காபி குடித்து முடித்த கோப்பை மேசையில் இருந்தால், விருந்தாளியானாலும் பெண்பிள்ளை எழுந்துவிடுவாள். யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்வது.

குளிர்காலம் முடிகிற நேரத்தில் யெலா சொல்லிவிட்டாள்: "இன்னொரு குளிருக்கு ரெண்டு பஸ் மாறி என்னால ஆகாதுக்கா. கார் வந்தா மிச்ச வைத்தியத்தையும் பாத்துக்கறேன். வரலேன்னா விட்ரு. நான் வீட்லயே கிடக்கேன்."

இந்த ஆண்டு நெவெங்கா மறுபடி தீர்மானம் கொண்டுவந்ததும், எங்களைத் தயார்செய்ய மாநாட்டுக் குழு தேனாவை அனுப்பியதும் இப்படித்தான்.

4

தேனாவை முதலில் வில்லியாக எழுதியிருந்தேன். உயர்ந்த குதிகால், குளிர்ந்த கண்கள், நகரத்து மூக்கு. கதைக்கு வசதியாக இருந்தது. உண்மையில் அவள் குட்டையான, சளிபிடித்த, சிரித்த முகக்காரி. அடித்துவிட்டேன்.

பயிற்சி எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் கூடத்தில். வாசலில் தீயணைப்பு வண்டி நிற்கும். உள்ளே நீண்ட மேசை. முதல் நாள் தேனா எல்லோருக்கும் காபி ஊற்றினாள். குடித்து முடித்தோம்.

"சரி, இப்ப நெவெங்கா தீர்மானத்தை வாசிக்கப் போறாங்க. முடிஞ்சதும் ஓட்டு. அதுவரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான் பயிற்சி."

"இதுக்கா ஓசியெக்லேர்ந்து வந்தே?" என்றாள் மாண்டா. எங்கள் சங்கத்தில் மூத்தவள். கசகசா ரொட்டி சுருட்டுவதில் இவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் இல்லை. "உக்காரதுக்கு என்ன பயிற்சி? நான் ரெண்டு புருஷனோட பொறுமையா உக்காந்தவ."

நெவெங்கா வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்தில் மாண்டாவின் கை பக்கத்துக் கோப்பையைத் தன் கோப்பைக்குள் வைத்தது. நான்காவதில் கரண்டிகள் சேர்ந்தன. ஓட்டு என்றபோது மாண்டா குழாயடியில் இருந்தாள்.

"மாண்டாக்கா!"

"காப்பிக் கசடு காஞ்சிச்சுன்னா அப்புறம் நீயா வந்து சுரண்டுவே?"

"நான் சுரண்டறேன்க்கா. வந்து உக்காருங்க."

"உன் நகத்தைப் பாத்தா நம்பிக்கை வரலியே."

அடுத்த வாரம் மாண்டாவின் கனமான கைப்பையை அவள் மடியில் வைத்தோம், பாரத்துக்கு. நெவெங்கா தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள்: இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எழவேயில்லை. ஓட்டு என்றதும் கை மரத்துப்போய் அட்டையைத் தூக்க முடியவில்லை.

"பேஷ்! இப்ப ஓட்டும் போச்சு, கையும் போச்சு," என்றாள் மாண்டா.

தேனா சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு நெவெங்காவின் விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள். "அட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க. கையில வேலை இருந்தா அது வேற வேலை தேடாது."

(நன்றிக் கடிதத்தில் எழுத நினைத்து எழுத முடியாமல் போனது இந்த இடம்தான். விரல்களைத் தேய்த்துவிட்டது.)

இன்னொரு சிக்கலும் இருந்தது. நெவெங்கா எதைப் பேசினாலும் "மன்னிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பாள். எதிரணியாக நடிக்க மாண்டாவை நிறுத்தினோம்.

"மன்னிக்கணும், எங்க ஊருக்குக் கார்"

"மன்னிக்க முடியாது! உங்களுக்குக் காரு, எங்களுக்கு மாட்டு வண்டியா?"

"உங்க ஊர்ல ரயில் இருக்கே!"

"ரயிலு எங்க வாசல்லயா நிக்குது? போடீ, வேற கேளு."

இப்படியே அடித்து அடித்து, கடைசி வாரத்தில் நெவெங்கா "மன்னிக்கணும்" சொல்லாமல், "என் தங்கை பேரு யெலா" என்று தொடங்கினாள். மாண்டா எதிரணி வேஷத்தை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கோப்பைகள் எல்லாம் மேசையிலேயே இருந்தன. கசடு காய்ந்திருந்தது. பிறகு சொன்னபடி தேனாதான் சுரண்டினாள், மோசமாக.

5

மாநாடு ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில். நெவெங்கா பேசினாள், நன்றாகவே பேசினாள். அதே காரைக் கேட்டு திராவா ஆற்றங்கரை ஊர்க்காரர்களும் ஒரு தீர்மானம் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய சமமான ஆதரவு என்று இடைவேளையிலேயே பேச்சு அடிபட்டது.

காபி வந்தது. குடித்தார்கள். மாநாட்டுத் தலைவி புரூனா மணியடித்து, "முதல்ல நெவெங்காவோட தீர்மானம், ஓட்டுக்கு" என்றாள்.

நெவெங்கா அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எங்கள் மேசையில் ஒருவரும் அசையவில்லை. மாண்டாவின் மடியில் கைப்பை; அவள் கண்கள் மட்டும் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தன.

அப்போது நெவெங்கா பார்த்தாள். ஆற்றங்கரை ஊர்ப் பெண்கள் மூன்று பேர் தட்டுகளில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். முதுகு காட்டி, காலோசை இல்லாமல், பெரியவர்கள் பேசுகிற அறையிலிருந்து வெளியேறுவதுபோல். நெவெங்காவுக்கு அந்த நடை தெரியும். போன ஆண்டு அவள் நடந்த நடை.

(இங்கே நான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அந்த மூன்று முதுகுகளையும் பார்த்தபடி நெவெங்கா என்ன நினைத்தாள் என்று ஒரு பக்கம் எழுதிப்பார்த்தேன். "அவளுடைய நெஞ்சில் இரண்டு குரல்கள்" என்றெல்லாம் வந்தது. கிழித்துவிட்டேன். அவளையே கேட்டேன். "யெலா மொகம் வந்துச்சு. அப்புறம் அந்தப் பொம்பளையோட தட்டு சாஞ்சிருந்துச்சு, விழுந்துடப் போகுதேன்னு இருந்துச்சு. ரெண்டும்தான்" என்றாள்.)

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கதவு சாத்திக்கொள்ளும், எதிரணிக்கு மூன்று ஓட்டு குறையும், கார் எங்களுக்கு.

மாண்டா அவள் காதருகே சொன்னாள்: "பேசாம இருடீ. போகட்டும்."

நெவெங்கா எழுந்தாள். பயிற்சி முழுக்க எழாமல் இருக்கப் பழகியவள், எழுந்தாள்.

"ஏம்மா, தட்டை அங்கேயே வெச்சுட்டு வந்து உக்காருங்க. ஓட்டு நடக்குது. கோப்பை எங்கேயும் ஓடிடாது."

மூவரும் திரும்பினார்கள். தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் புரூனா தானும் நாலு கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கையில் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்து, மெதுவாகக் கீழே வைத்தாள். அரங்கு சிரித்தது. மாண்டா சிரிக்கவில்லை. "மடச்சி," என்றாள், பிறகு நெவெங்காவின் முதுகில் கையை வைத்தாள், வெகுநேரம் எடுக்கவில்லை.

6

முடிவுகள்.

முதல் முடிவில் நெவெங்கா ஜெயிக்கிறாள். கார் எங்கள் தீயணைப்புக் கூடத்து வாசலில் நிற்கிறது. யெலா முன்னிருக்கையில் ஏறி, "பின்னாடி உக்காந்தா எனக்குக் குமட்டும்" என்று அதிகாரம் செய்கிறாள். எழுத இன்பமாக இருந்தது. ஆனால் இதில் நல்லவளுக்குப் பரிசு கொடுத்து அனுப்புகிற வாடை இருக்கிறது.

இரண்டாம் முடிவில் தோற்கிறாள். ஆற்றங்கரை ஊரின் யெலா, அவர்களுக்கும் ஒருத்தி இருப்பாள் அல்லவா, காரில் ஏறுகிறாள். நம் யெலா அக்காவைப் பார்த்து, "உன் எடத்துல நானா இருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்கிறாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறாள். பிறகு

(இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

மூன்றாம் முடிவில் இரண்டு ஊர்களும் காரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மாண்டாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "இது கதையில்ல, பங்குபோட்ட ரொட்டித் துண்டு" என்றாள்.

7

நடந்தது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நெவெங்காவிடம் கைப்பிரதியைக் கொடுத்தேன். தீப்பெட்டிபோல் மடித்து வைத்திருந்து, ஒரு வாரம் கழித்துத் தந்தாள்.

"முடிவை எழுதாத," என்றாள். "எழுதினா, ஜெயிச்சதால நல்லதுன்னு சொல்வாங்க, இல்ல தோத்ததால முட்டாள்னு சொல்வாங்க. நான் கூப்பிட்டப்ப எனக்கு ரெண்டும் தெரியாது. படிக்கிறவங்களுக்கும் தெரிய வேண்டாம்."

"அப்ப எப்படி முடிக்கிறது?"

"தேனா பயிற்சிய எப்படி முடிச்சா? ஓட்டு கேட்டாள்ல?"

அதனால் தேனா, இந்தக் கடிதத்தில் நாங்கள் உங்களுக்குச் சொல்ல வந்தது நன்றி மட்டும்தான். விரல்களைத் தேய்த்துவிட்டதற்கு. கசடைச் சுரண்டியதற்கு, அது மோசமாக இருந்தாலும். உட்காரக் கற்றுக்கொடுத்ததற்கு. அதைக் கற்றதால்தான் எப்போது எழ வேண்டும் என்று நெவெங்காவுக்குத் தெரிந்தது என்று நான் நம்புகிறேன். அவள் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

வாசிப்பவரே, உங்கள் பக்கத்தில் காபியோ தேநீரோ குடித்த கோப்பை இருக்கும். கழுவ எழ வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். அரங்கில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆற்றங்கரைக்காரர்களும்தான், மடியில் தட்டுகளோடு. நெவெங்கா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். யெலா வீட்டில் தொலைபேசியின் அருகில் இருக்கிறாள்.

புரூனா கேட்கிறாள்: "ஆதரிக்கிறவங்க?"

உங்கள் கை.