நெற்றியோரம் தொடாத பின்னல்

கடைசித் தையலையும் பிரித்துச் சவுரியைத் தூக்கியபோது யாயராவின் கை அந்தரத்தில் நின்றது. லாமிலேயின் இடது நெற்றிப்பொட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு முடியே இல்லை. தோல் மட்டும் வழவழவென்று மின்னியது. வலது பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. அங்கே நாலைந்து பூனைமுடி, அதைச் சுற்றிக் கடுகு கடுகாய் வெள்ளைக் கொப்புளம்.

சவுரியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சீப்பைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டாள். சீப்பு அவள் இடுப்புப் பையில்தான் இருந்தது.

தேமா துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறாள் யாயரா. 'இறுக்கக் கை' என்றால் அந்த வட்டாரத்தில் அவள்தான். தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னி, அந்தப் பின்னலின் மேல் வளைந்த ஊசியால் சவுரியைத் தைத்தாள் என்றால் மூன்று மாதத்துக்கு அசையாது. கடலில் குளித்தாலும் சரி, தேவாலயத்தில் குதித்து ஆடினாலும் சரி. இழுக்கிற இழுப்பில் வாடிக்கைக்காரிகளுக்குப் புருவம் ஏறிப்போகும். எழுந்து போகும்போது இரண்டு வலி மாத்திரை கொடுப்பாள். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு ராத்திரி குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். வலித்தால்தான் பின்னல், வலிக்காவிட்டால் அது என்ன பின்னல் என்பது எல்லாருடைய நினைப்பும். யாயராவின் நினைப்பும் அதுதான்.

லாமிலே அவளுடைய முதல் வாடிக்கைக்காரி. அப்புறம்தான் தோழி ஆனாள். துறைமுக அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். இன்று வியாழன்.

மூன்று மாதத்துக்கு முன்பே அந்த ஓரம் மெலிந்திருந்தது யாயராவுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாள். முடி குறைந்த இடத்தில்தான் பின்னல் நழுவும், அங்கேதான் பிடி வேண்டும் என்பது அவள் தொழில் கணக்கு. கணக்கு பலித்தது. பின்னல் நழுவவில்லை. முடிதான் வேரோடு வந்துவிட்டது.

"நல்லா இழுத்துக் கட்டுடி. எல்லாத்தையும் பின்னால தூக்கிடு. போட்டோவுல நெத்தி பளிச்சுனு தெரியணும்" என்றாள் லாமிலே, கண்ணாடியைப் பார்க்காமல்.

முடி உலர்த்தும் டிரையருக்கு அடியில் உட்கார்ந்திருந்த இன்னொரு வாடிக்கைக்காரி அட்ஸோ ஆன்ட்டிக்கு அந்த இரைச்சலில் பாதிதான் காதில் விழும். அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவாள். "மணப்பொண்ணு கண்ணை மூட முடியாம முழிச்சுட்டே நிக்கணும் யாயரா. அப்பதான் அது உன் கை" என்றாள். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும்கொண்டாள்.

யாயரா தலையை அலசி, உலர்த்தி, வகிடு எடுத்தாள். வாயைத் திறந்தால் என்னவாகும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது உன் தலையை நான்தான் கெடுத்தேன் என்று எந்த மனுஷி சொல்வாள்? அவள் எழுந்து போய்விட்டால்? தோழியும் போவாள், பேரும் போகும். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம். சனிக்கிழமை முதலில் நல்லபடியாக முடியட்டும்.

முதல் பின்னலை நெற்றியின் விளிம்பில் ஆரம்பித்தாள். பழகிய கை தானாகவே இறுக்கியது. இரண்டாவது பின்னல் பாதியில் இருக்கும்போது கண்ணாடியில் லாமிலேயின் முகத்தைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை மட்டும் இறுகப் பற்றியிருந்தாள், ஒன்பது வருடமாகப் பற்றிக்கொண்டிருக்கும் அதே மாதிரி.

யாயரா பின்னலை விட்டுவிட்டாள். சுற்றிவந்து, நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"லாமிலே, ரெண்டு பக்கமும் முடி போயிருச்சுடி. என் கைதான்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஜனவரியில. முகம் கழுவறப்ப விரல் பட்டுச்சு."

"ஏன்டி சொல்லல?"

"நீ எப்பச் சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னா நீ அழுவ. அழுதுட்டே பின்னினா வகிடு கோணிக்கும்" என்றாள்.

யாயராவுக்குச் சிரிப்பும் வந்தது, அதோடு மற்றதும் வந்தது. லாமிலே குனிந்து, தன் கழுத்தில் போட்டிருந்த துண்டின் நுனியாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். உன்மேல் கோபம் இல்லை என்றாள். இறுக்கு, இறுக்கு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது நான்தானே. அவளுடைய பயம் வேறு. கட்டிக்கொள்ளப்போகிற லான்டே இதுவரை அவளைச் சவுரி இல்லாமல் பார்த்ததே இல்லை. இரண்டு வருடமாகப் பழகியும், இந்தக் கடையின் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அவன் வந்ததில்லை. தலைத்துணியோடேயே தூங்கப் பழகிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தாளாம். ஆனால் எத்தனை வருடத்துக்கு?

யாயரா ஒளிக்காமல் சொன்னாள். வேர் பிழைத்திருந்தால் முடி வரும். ஒரு வருடம் அந்த இடத்தை யாரும் இழுக்கக் கூடாது. பிழைத்திருக்காவிட்டால் வராது. கொப்புளத்தைத் தோல் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். பின்னால் தூக்கிக் கட்டுகிற அலங்காரம் கிடையாது. முன்பக்கம் சரிந்து விழுகிற மாதிரிதான் செய்ய முடியும். ஓரத்தைத் தொடாமல் ஒரு விரல் உள்ளே தள்ளி ஆரம்பித்து, தளரப் பின்னி, மேலே வலைத்துணி விரித்து, ஊசி முடியில் ஏறாமல் வலையில் மட்டும் ஏறுகிற மாதிரி தைக்கலாம். ஆறு வாரத்தில் பிரித்துவிட வேண்டும்.

"சனிக்கிழமை கல்யாண ஆட்டத்துக்குத் தாங்குமா?"

"தெரியல. தளரப் பின்னி எனக்குப் பழக்கமே இல்ல."

லாமிலே கண்ணாடியில் தன் நெற்றியை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பிறகு தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

போட்ட இரண்டு பின்னலையும் யாயரா அவிழ்த்தாள். விரலில் எண்ணெய் தொட்டு வகிடு வகிடாகத் தடவினாள். இழைகளைப் பிடிக்காமல், விரலுக்கு மேல் சும்மா கிடத்திக்கொண்டு பின்ன வேண்டியிருந்தது. கை முரண்டு பிடித்தது. மூன்றாவது பின்னலை இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டாள். ஒவ்வொரு பின்னல் தொடங்கும்போதும் "வலிக்குதா?" என்று கேட்டாள். இந்தக் கடையில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதே கிடையாது. ஆறாவது பின்னலில் பதில் வரவில்லை. பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். லாமிலே வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடிமேல் விரல்கள் விரிந்து கிடந்தன. அந்த நாற்காலியில் இதுவரை யாரும் தூங்கியதில்லை.

டிரையரிலிருந்து வெளியே வந்த அட்ஸோ ஆன்ட்டி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். "இது என்னடி, கோழி நடந்து போன மாதிரி இருக்கு? உனக்குக் கையில ஏதாச்சும் நோவா?"

"ஆமா ஆன்ட்டி, ஒன்பது வருஷமா நோவு. இப்பதான் சரியாகுது."

ஆன்ட்டி இன்னும் கிட்டே குனிந்தாள். லாமிலேயின் நெற்றிப்பொட்டு கண்ணில் பட்டது. தன் தலையைச் சுற்றி விளிம்போரமாக ஒரு விரலை மெல்ல ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பின்னல் முடிந்து, யாயரா வலைத்துணியை அளவு பார்த்து வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. லான்டேதான். லாமிலே காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று கெங்கி என்கிற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் கட்டி எடுத்து வந்திருப்பதாக வெளியிலிருந்தே குரல் கொடுத்தான். லாமிலே திடுக்கிட்டு விழித்தாள். கை மடியிலிருந்த தலைத்துணியைத் தேடி எடுத்தது.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று யாயரா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

லாமிலே தலைத்துணியை விரித்தாள். விரித்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை நாலாக மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"யாயரா, வகிடெல்லாம் நேராத்தான இருக்கு?"

"நேரா இருக்குடி."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள். யாயரா இருந்த இடத்திலிருந்து வாசலில் பாதிதான் தெரிந்தது. மத்தியான வெயில் லாமிலேயின் தலைமேல் நேராக விழுந்தது. பின்னல் வரிகளுக்கு நடுவே தோல் பளபளத்தது, ஓரத்திலும் பளபளத்தது. லான்டே எதையோ சொல்லிக்கொண்டே பொட்டலத்தை நீட்டியவன், பேச்சை நிறுத்தினான். நிறுத்திவிட்டு, ஒரு கையில் பொட்டலம் அப்படியே இருக்க, மற்றக் கையை மெதுவாகத் தூக்கி, அவள் நெற்றிப்பொட்டைத் தொடாமல், வெயில் படாதபடி அதற்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.