பழைய ஆயில்

காலை ஆறேகாலுக்குப் பட்டறையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அக்கா ஹார்ன் அடிக்கவில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அணைத்துவிட்டுக் கிளப்பினால் கியர் விழக் கொஞ்சம் யோசிக்கும். அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

தம்பி குனிந்து வெளியே வந்தான். வாயில் பிரஷ்.

"பெரியம்மாவுக்கு என்ன உடம்பு?"

காருக்கு அவன் வைத்த பெயர் அது. வயதானவள், பருத்தவள், யார் விரட்டினாலும் தன் வேகத்தில்தான் நடப்பவள் என்று வைத்த பெயர்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, கியர் ஆயில் மட்டும் மாற்ற வேண்டும் என்றாள். கைக்கு வந்த நாளிலிருந்து மாற்றவே இல்லையே என்றாள். இத்தனை வருஷம் இல்லாத ஞானம் இன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு அவன் வாய் கொப்பளிக்கப் போனான்.

ஞானம் மேட்டில் வந்தது. கொஞ்ச நாளாக மேடு ஏறும்போது வண்டி நழுவியது. எஞ்சின் கத்தும், சக்கரம் கேட்காது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு ஒரு உதையோடு பிடித்துக்கொள்ளும். அவள் மேம்பாலத்தை விட்டுவிட்டுக் கீழ்ச்சாலையில் சுற்றிப் போக ஆரம்பித்தாள். புது ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்று அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் ஒரு கணக்கர். கார் வைத்திருப்பவர்கூட இல்லை. அவள் நம்பினாள்.

தம்பியிடம் சொல்லியிருக்கலாம். போன வருஷம் டயர் தேய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் சாவியை வாங்கி உள்ளே வைத்துவிடுவேன் என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவளுக்கு இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாது. பேருந்துப் படியில் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். கணவன் அந்த வருஷமே வேறு வாழ்க்கை தேடிக்கொண்டான். நாலு வருஷம் தம்பி வீட்டின் பின்னறையில் இருந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு தோழியைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் யாருக்காவது நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலேயே புடவை கட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். தம்பிக்கு அவசர வேலை வந்துவிடும். மத்தியானம் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பாள்.

பிறகுதான் இந்தக் கார் வந்தது. யாரோ வேண்டாமென்று பட்டறையில் விட்டுப்போன ஆட்டோமேட்டிக் வண்டி. ஒரு கால் போதும். தம்பிதான் அதை எழுப்பி நிறுத்தினான். அதை வைத்து அவளுக்கு வேலையும் கிடைத்தது. சிறிய கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வாங்கி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நர்ஸுகள் அவளை ரத்தக்கா என்றார்கள். அந்தப் பெயரை அவள் யாரிடமும் மறுத்ததில்லை.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"மேட்டுல நழுவுதா?"

"இல்ல."

"கியர் விழ லேட்டாகுதா?"

"அதெல்லாம் இல்லடா."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால், ஆயிலில் கை வைக்கும் முன் தம்பி அதை மேம்பாலத்தில் ஏற்றிப் பார்ப்பான். உரிமையாளர் வாய்ச்சொல்லை எடுத்துக்கொள்ள மாட்டான். இன்று ஏற்றிப் பார்க்கவில்லை. சொன்னது அக்கா.

வண்டியை லிஃப்டில் தூக்கினான். அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டான். அடித்தட்டைக் கழற்றியதும் ஆயில் கொட்டியது. கரி கரைத்த தண்ணீர் போல இருந்தது. தீய்ந்த வாடை அடித்தது. தட்டின் மூலையில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். வயசுக்கு இது சகஜம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். வடிகட்டியை மாற்றித் தட்டை மூடினான். பாதி ஆயில் இன்னும் உள்ளேயே இருக்கும், முழுக்க எடுத்துவிடுகிறேன் என்றான். அக்கா வண்டிக்கு அரைகுறை வேலை செய்ய அவனுக்கு மனசு வராது. குளிர்விப்பானுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டான். எஞ்சினை ஓடவிட்டான். ஒரு பக்கம் கறுப்பு வெளியேறியது. மறுபக்கம் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தான். செக்கச்செவேலென்று இருந்தது.

ஊற்றும்போது பேசினான். வேலை நன்றாகப் போனால் பேசுவான். ஒரு பாத்திரக்கடைக்காரர் கதையைச் சொன்னான். வண்டி நழுவுவதை மறைத்து ஆயில் மாற்றிக்கொண்டு போனாராம். சாயங்காலத்துக்குள் நடுரோட்டில் நின்றுவிட்டதாம். அப்படி நழுவும் வண்டிகளில் கியருக்குள்ளே ஒன்றையொன்று பிடித்துச் சுற்றும் தட்டுகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும், தேய்ந்த தூள் பழைய ஆயிலில் மிதக்கும், அந்தத் தூள்தான் மிச்சமிருக்கும் பிடி என்றான்.

"சுத்தமான ஆயில ஊத்தினா அது இருக்கிற கொஞ்ச பிடியையும் கழுவிட்டுப் போயிடும். அதான் உன்னைக் கேட்டேன்."

அவள் கேனைப் பார்த்தாள். கறுப்பு ஆயில் முக்கால் கேனுக்கு இருந்தது. இப்போது சொன்னால் அதையே திருப்பி ஊற்றுவான். ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுவான். கோபப்பட மாட்டான்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சிவப்பா நல்லா இருக்கு."

"கல்யாண வீட்டு சர்பத் மாதிரி இல்ல? குடிச்சிடாத."

அவள் சிரித்தாள். சில வண்டிகள் தப்பிக்கும். எல்லாமா நின்றுவிடும். அவள் அப்படி நினைத்தாள். குழாயில் சிவப்பு வந்ததும் அவன் எஞ்சினை அணைத்தான். கேனைத் தூக்கிப்போய் மூலையிலிருந்த கழிவு பீப்பாயில் கவிழ்த்தான். பல வண்டிகளின் அழுக்கோடு அதுவும் கலந்தது.

ஒரு சுற்று போய்வரலாம் என்று அவன் பக்கத்து இருக்கையில் ஏறினான். அவள் கிளப்பினாள். கியர் யோசிக்காமல் விழுந்தது. வண்டி பட்டறை வாசலைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. முதல் சந்து, பள்ளிச் சுவர், ரொட்டிக்கடை. ஒரு உதை இல்லை, ஒரு முனகல் இல்லை. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பெரியம்மா குமரியாகிவிட்டாள் என்றான் தம்பி. எட்டு மணிக்குள் முதல் கிளினிக்குக்குப் போய்விடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அவள் கீழ்ச்சாலைக்குத் திரும்பப் பார்த்தாள். அவன் மேம்பாலத்தைக் காட்டினான். ஆயில் சூடாகட்டும் என்றான்.

பாதி மேடு வரை ஏறியது. பிறகு எஞ்சின் கத்தியது. அவள் காலை எடுத்து மறுபடி அழுத்தினாள். கத்தல் கூடியது. வண்டி தயங்கி, நின்று, மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஹார்ன்கள் கிளம்பின. கியரை மாற்றிப் போட்டாள். திரும்பப் போட்டாள். எங்கே போட்டாலும் ஒன்றுதான்.

பின்னால் வந்த லாரிக்காரரும் இன்னொருவரும் இறங்கித் தம்பியோடு சேர்ந்து வண்டியை ஓரத்தில் சாய்த்தார்கள். அவன் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினான். துடைத்து, முக்கி, மூக்கருகே வைத்துப் பார்த்தான். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மாடலுக்கு வேறு கியர்பாக்ஸ் தேடி அலைந்தவர்களை அவனுக்குத் தெரியும். கிடைத்தவர் ஒருவரையும் தெரியாது. அதை அவன் அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறான்.

கதவருகே வந்து குனிந்தான். முகம் சிறுத்திருந்தது.

"என் தப்புக்கா. ஏத்திப் பாத்திருக்கணும். உனக்குன்னதும் விட்டுட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். உண்மை அங்கேதான் இருந்தது. சொன்னால் அவன் மேல் இருந்த பாரம் இறங்கும். வண்டி கிளம்பாது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மடியில் போன் அடித்தது. முதல் கிளினிக் நர்ஸ். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. இன்றைக்கு யாராவது பைக்கில் போய் வாங்குவார்கள். நாளைக்கும் அவரே போவார்.

தம்பி அவள் பக்கக் கதவைத் திறந்தான். அவளுடைய இடது காலை, முன்பெல்லாம் செய்தது போல, இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான். பாதம் தரையில் பட்டதா என்று குனிந்து பார்த்துச் சரிசெய்தான்.

"அழாதக்கா. வண்டி போனா என்ன, நான் இல்லையா? இனிமே என்கிட்ட சொன்னாப் போதும், நான் கூட்டிட்டுப் போறேன். சொல்லு, இப்ப எங்க போகணும் உனக்கு?"