கழுதைச் சிரிப்பு

மகள் மறுபடியும் தோற்றாள். பதிவில் எதிரொலி விழாமலிருக்க அலமாரிக்குள் அப்பாவின் சட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "ஹீ..." என்று இழுத்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நெஞ்சு காலியாகிவிட்டது. அடுத்த வசனத்துக்கு மூச்சு இல்லை.

அப்பாவுக்கு மட்டும் அந்த மூச்சு எப்படி இருந்தது? அவர் குரல் கொடுக்கும் பொம்மைப் படத்தில் கழுதை நீளமாகச் சிரிக்கும். சிரித்த வாய் மூடுவதற்குள் "முதலாளி, வண்டியை நீங்களே இழுங்க" என்று சொல்லும். நடுவில் மூச்சு வாங்குகிற சத்தமே கேட்காது.

இளமையில் அப்பா திரையில் வழுக்கி விழுகிறவர். பிறகு தொலைக்காட்சித் தொடரில் மருமகனிடம் ஏமாறும் மாமனார். முகம் தளர்ந்தபின் பொம்மைப் படங்களுக்குக் குரல். மருந்துக் கடையில் மாத்திரை கேட்டாலும் எதிரில் இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள்.

குரல் பதிவில் ஒரு வழக்கம் உண்டு. வசனத்தை முதலில் முடித்துவிட்டு, சிரிப்பு, இருமல், அலறல் எல்லாவற்றையும் கடைசிக்கு வைப்பார்கள். அவை தொண்டையைப் புண்ணாக்கிவிடும். அப்புறம் பேச வராது. அப்பா வசனத்தை முடித்திருந்தார். சிரிப்புக்கு முன்னால் படுத்துவிட்டார். காலி நெஞ்சோடு முடிகிற சிரிப்பு அவர் பதிந்த வசனத்தோடு ஒட்டாது. பழைய படங்களின் சிரிப்பை எடுக்கலாமென்றால் அதன் அடியில் இசை கலந்திருந்தது. பாலில் கலந்த தண்ணீரைப் போல அதைப் பிரிக்க முடியாது என்று ஒலித்தொகுப்பு வேலை பார்க்கும் மகளுக்குத் தெரியும். மாலைக்குள் சிரிப்பு படக்குழுவுக்குப் போகாவிட்டால் கழுதைக்கு வேறொருவர் முதலிலிருந்து பேசுவார். அப்பாவின் கடைசி வேலை அழிந்துபோகும்.

"அப்பா, இதை எப்படிப்பா பண்றீங்க?"

கட்டிலில் சாய்ந்திருந்தவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. "எனக்கென்ன தெரியும்? கழுதையைக் கேளு."

"அதைத்தானே கேக்கறா," என்றாள் அம்மா. "இவ சிரிக்கிறதைக் கேட்டா கதவுக்கு எண்ணெய் விடணும்னு தோணுது."

அவர் சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கிய பிறகும் நெஞ்சுக்குள் ஏதோ கொதித்துக்கொண்டே இருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடும் என்று மருத்துவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். அதிலிருந்து அம்மாவும் மகளும் பேச்சுக்கு நடுவிலும் அந்த இடைவெளிகளையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மைக்கைக் கொண்டா. ஒரு தடவை பாத்துடலாம்."

"வேணாம்பா."

"கொண்டான்னா."

மைக்கை அவர் முகத்தருகே வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். இடைவெளி நீண்டது. பிறகு வந்தது, அதே கழுதை. "ஹீ..." என்று ஏறி, கிறீச்சிட்டு, மேலும் ஏறி, உச்சியில் நின்றது.

அம்மா கைதட்டிச் சிரித்தாள். "திருட்டுக் கிழவன்! தெம்பையெல்லாம் ஒளிச்சு வெச்சிருந்திருக்காரு பாரு."

மகளும் சிரித்தாள். இருவரும் வசனத்துக்குக் காத்திருந்தார்கள். சிரிப்புக்குப் பின்னால் எப்போதும் வசனம் வரும்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. முதலில் சிரிப்பை நிறுத்தியது அம்மா.

பிற்பகலில் கூடம் முழுக்க நாற்காலிகள். சித்தப்பா யாருக்கோ தொலைபேசியில் விஷயத்தைச் சொல்ல, அந்தப் பக்கத்தில் இருந்தவர் நம்பாமல் சிரித்தது இங்கே கேட்டது.

மகள் அம்மாவை உள்ளே அழைத்தாள். "அது பதிவாயிருக்கும்மா. அளவெல்லாம் சரியா இருக்கும். அதையே குடுத்துடலாமா?"

"குழந்தைங்க பாக்கற படம்டீ," என்றாள் அம்மா.

அழிப்பதற்கு முன் மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை கேட்டாள். சிரிப்பு உச்சியில் நின்றதும், மூச்சு வாங்கும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. மூச்சு விடும் சத்தமும் வரவில்லை. நெஞ்சு நிறைந்த இடத்தில் சிரிப்பு நின்றிருந்தது.

தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு பதிவை அழித்தாள். மைக்கோடு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. சித்தப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். உள்ளே கழுதை சிரித்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் முதலாளியை வண்டி இழுக்கச் சொன்னது.

அம்மா அலமாரியைத் திறந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா மூச்சை வெளிய விட்டுச் சிரிக்கலம்மா," என்றாள் மகள். "மூச்சை உள்ள இழுத்துக்கிட்டேதான் சிரிச்சிருக்காரு. அப்படி இழுத்தா ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல் தெரியாது. பேசறதுக்கும் மூச்சு இருக்கும்."