சகலை மாற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர்

என் மனைவி ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறாள். நான் சிமெண்டுக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இருந்ததில்லை. சகலை வந்து கெடுத்தார் என்று சொன்னால் அது பொய். சகலை வந்து நல்லது செய்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவளுடைய கம்ப்யூட்டர் கிழடாகிப் போயிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் துணியை அலசிக் காயப்போட்டு வந்தால்தான் கண் திறக்கும். அப்புறம் ஒருநாள், இந்தச் சிஸ்டத்துக்கு இனிமேல் புதுசாக எதுவும் வராது, அடுத்ததைத் தாங்க இந்த மெஷினுக்குச் சத்து இல்லை என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. கடைக்காரன் புதுசு வாங்குங்கள் என்றான். நான் "பார்க்கலாம்" என்றேன். என் வாயில் 'பார்க்கலாம்' வந்தால் 'இல்லை' என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

அவள் அக்காவிடம் புலம்பியிருக்கிறாள். அக்கா புருஷன், அதாவது என் சகலை, லிப்ட் மெக்கானிக். என்னைவிட உயரம். தலைமுடியும் முழுசாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. சுமைதான் அதிகம். லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, லேசானது. எங்க வீட்டுல அதைத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

"வெலை?" என்றாள் இவள்.

"ஓசி."

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஓசியில வர்றது ஓட்டை இல்லாம வருமா?" என்றேன்.

"ஓட்டை இருந்தா அடைக்கறதுக்கும் ஆள் இருக்காங்க சகலை. அவங்களும் ஓசிதான்" என்றார்.

அவள் சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

முதலில் எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினார். அவள் தலையாட்டிய பிறகு, அவளுடைய வேலைகளையெல்லாம் வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, பழையதைத் துடைத்துப் புதியதை ஏற்றினார். வேலை முடிந்து மெஷினைப் போட்டார். நான் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் திறந்துவிட்டது.

ஏதாவது கோளாறு வராதா என்று எனக்கு ஒரே ஏக்கம். மறுநாளே வந்தது. அவள் பழைய வேலை ஒன்றைத் திறந்தால் பக்கம் முழுக்கப் பூச்சி ஊர்ந்த மாதிரி என்னென்னவோ குறி. தமிழ் ஒன்றுகூட இல்லை.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றேன். கைகால் வலிகூட மறந்துபோனது.

அவள் போனை எடுத்தாள். "அத்தான்..." என்று ஆரம்பித்தாள். பழைய எழுத்துரு அந்த டிஸ்கிலேயே இருக்கிறது, எடுத்து இந்த இடத்தில் போடு என்று அவர் சொல்ல, இவள் போட்டாள். பூச்சியெல்லாம் எழுத்தாகி வரிசையில் நின்றன. என் சந்தோஷம் ஒரு டீ ஆறுகிற நேரம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் இதே பாட்டு. "அத்தான், பக்க எண் போடற பட்டன் எங்க இருக்கு?" "அத்தான், பிரிண்டர் கண்டுக்கவே மாட்டேங்குது." காதுமடலெல்லாம் சிமெண்டோடு நான் வந்து நின்று "துண்டு எங்க?" என்று கேட்டால் "கொடியில" என்று ஒரு சொல் கிடைக்கும். அவருக்கு மட்டும் வாக்கியம் வாக்கியமாகப் பதில்.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. மெஷின் திரையில் வருகிற அத்தனை பெயர்களையும் அவர் தமிழில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"எனக்கு இங்கிலீஷே பழகினதுதாங்க. உங்களுக்காகத்தான் போட்டாரு. 'சகலையும் இப்பப் படிக்கறாரே, அவரும் பாக்கட்டும்'னாரு" என்றாள்.

மீசை நரைத்த பிறகு, தொழிற்சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்தவன் நான். முட்டி இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியிருக்கிறேன். பேருந்துப் பலகையை நானாகப் படித்த அன்றைக்கு அவள்தான் முதலில் சந்தோஷப்பட்டாள். அது எங்கள் இரண்டு பேருடைய சொத்து. நான் சமைத்த சோற்றுக்கு இவர் இலை போட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

கிடங்கில் என்னோடு மூட்டை இறக்குகிறவனுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தவே முடியாது.

"என்னப்பா, மூஞ்சி நனைஞ்ச மூட்டை மாதிரி இறுகிக் கெடக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் விடு. கம்ப்யூட்டரு தொறக்க ஒரு சொல்லு கேக்குமே. அதை வெச்சது யாரு?" என்றான்.

"தெரியலையே."

"வீடு உன்னுது. பூட்டும் உன்னுது. சாவி யாருதுன்னு மொதல்ல பாரு." அவன் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அந்த மூட்டை முதுகைவிட்டு இறங்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அத்தான் வண்டி நம்பர். மறக்காதுன்னு வெச்சுட்டுப் போனார்."

என் வீட்டுப் பெட்டி அவர் வண்டி நம்பருக்குத் திறக்கிறது. அவளும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். என் சைக்கிளுக்கு நம்பரே கிடையாது.

மறுநாள் சாயங்காலம் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். அவள் விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டி வைத்திருந்தாள். 'அமைப்புகள்' என்பதைக் கண்டுபிடித்தேன். அதற்குள்ளே 'பயனர்கள்', அதற்குள்ளே 'கடவுச்சொல்'. முதலில் பழைய சொல்லைக் கேட்டது. சகலை வண்டியில் எத்தனையோ தரம் பார்த்த நம்பரைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே எரிந்தது. புதிய சொல் கேட்டது. 'சகலை' என்று அடித்தேன். பக்கத்தில் ஒரு கோடு சிவப்பாக எழும்பி, 'பலவீனமானது' என்றது. என்னையே சொல்வதுபோல் இருந்தது. கூடக் கொஞ்சம் சேர்த்தேன். கோடு மஞ்சளாகியது. இன்னும் போதாதாம். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். 'சகலைக்கு என் வீட்டில் என்ன வேலை' என்று முடித்ததும் கோடு பச்சையாகி, 'வலுவானது' என்று ஒத்துக்கொண்டது. மெஷினை அணைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வாசலில் போய் நின்றேன்.

என் திட்டம் இவ்வளவுதான். காலையில் அவளுக்குத் திறக்காது. அவள் "என்னங்க" என்று கூப்பிடுவாள். அத்தானையல்ல, என்னை.

கூப்பிட்டாள். "என்னங்க, இது தொறக்க மாட்டேங்குது. அச்சகத்துல மெஷின் ஓட்டறதுக்குள்ள பக்கம் அனுப்பியாகணும். கொஞ்சம் வாங்களேன்."

அந்த 'வாங்களேன்' காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு போனேன். "நான்தான் மாத்தினேன். தள்ளு" என்றேன்.

அடித்தேன். தவறு என்றது. ஒவ்வொரு விசையாகப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தேன். புள்ளி புள்ளியாக வந்தது, மறுபடியும் தவறு என்றது.

"என்ன வெச்சீங்க? சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

எந்த வாயால் சொல்வது? "மறந்துபோச்சு" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நேரத்துக்குப் போகலைன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அவங்க வாசல்ல எத்தனை பேரு நிக்கறாங்க தெரியுமா? உங்களுக்கு இதுல எதுக்குங்க கை?" என்றவள் போனை எடுத்தாள். "அத்தான்..."

அவர் வேலைக்குப் போகிற உடுப்போடு வந்தார். அவள் அடுத்த அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இதோ, அனுப்பிட்டே இருக்கேன் சார். நெட்டுதான் சார் கொஞ்சம் மெதுவா..." என்று அச்சகத்துக்காரரிடம் வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எதுல அடிச்சீங்க சகலை? தமிழ்லயா?"

"வேற எதுல அடிப்பேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே?"

"அதான் விஷயம். உள்ள தமிழ்ல வெச்சுட்டீங்க. வாசல்ல, அதான் இந்தச் சொல்லு கேக்கற எடத்துல, விசையெல்லாம் இங்கிலீஷ்லதான் நிக்கும்." திரை மூலையில் எதையோ தட்டினார். சின்னக் குறி ஒன்று மாறியது. "இப்ப அடிங்க. மறக்கல இல்ல?"

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "ஞாபகம் வந்துடுச்சு" என்றேன்.

"அப்ப நான் பாக்கல" என்று ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார்.

அடிக்க ஆரம்பித்தேன். காலம் கடந்து படித்தவனுக்கு வாய் அசையாமல் கை அசையாது. வகுப்பிலும் அப்படித்தான், எழுதுகிற எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவேன். அன்றைக்கு அவசரம் வேறு, அடுத்த அறையில் அவள் குரல் உடைகிறது. "ச... க... லை... க்கு..." என்று விசையைத் தேடித் தேடி அழுத்தினேன். "எ... ன்... வீ... ட்டி... ல்..." கடைசி எழுத்தை அழுத்தி, மெஷின் திறந்து, மூச்சு விட்ட பிறகுதான் என் குரலே என் காதில் விழுந்தது.

ஜன்னலில் அந்த முதுகு அசையவில்லை.

"தொறந்துடுச்சா?" என்றார் திரும்பாமலேயே.

"ம்."

"நல்லது."

அவள் ஓடிவந்து உட்கார்ந்து பக்கங்களை அனுப்பினாள். "இருங்க அத்தான், காபி போடறேன்" என்றாள்.

"இல்லம்மா. லிப்ட்ல ஆளு மாட்டியிருக்காங்களாம், போகணும்" என்று கிளம்பிவிட்டார். அவர் போன் அடிக்கவே இல்லை.

கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டேன், அவள் சொன்ன ஒன்றாக. பழையது என்ன என்று இரண்டு தரம் கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அதற்குப் பிறகு சகலை வரவில்லை. போன் செய்தால் அக்காதான் எடுத்தாள். "வேலையா இருக்காரு." இவளும் விட்டுவிட்டாள். நான் ஆசைப்பட்டபடியே என்னைக் கேட்க ஆரம்பித்தாள். "என்னங்க, பிரிண்டர் ரெண்டு பக்கமும் அடிக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க." பார்த்தேன். பார்க்கத்தான் முடிந்தது. அவள் ஒவ்வொரு தாளாகக் கையால் திருப்பித் திருப்பி வைத்தாள். நடுவில் போனை எடுப்பாள், யோசிப்பாள், கீழே வைப்பாள். அத்தானுக்கு நம்மேல் என்ன கோபம் என்று என்னையே கேட்பாள். முன்பெல்லாம் அந்த மனுஷர் வந்தால் ஒரு மணி நேரம் இருப்பார். இப்போது வராமலே நாள் முழுக்க வீட்டில் இருந்தார்.

தாங்க முடியாமல் அவர் வேலை செய்கிற அலுவலகக் கட்டடத்துக்குப் போனேன். லிப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். உச்சிவரை படியேறினேன். மொட்டைமாடி அறையில் கம்பி வடத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சகலை. நடந்தா வந்தீங்க?"

"மூட்டை இல்லாம ஏறறதெல்லாம் எனக்கு ஒரு ஏத்தமா?" என்றேன். மூச்சு வாங்கியது. "பிரிண்டர் ரெண்டு பக்கம் அடிக்க மாட்டேங்குது."

"போன்ல சொல்றேன், நீங்களே செஞ்சிடலாம்."

"எனக்கு வராது. நேர்ல வாங்க." இதைச் சொல்வது அத்தனை படியையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவர் விரல் விரலாக மசகைத் துடைத்தார்.

"அன்னிக்கு நான் அடிச்சது..." என்று இழுத்தேன்.

"என்ன அடிச்சீங்கன்னு யாரு பாத்தா? நான் கீழ வண்டியைப் பாத்துட்டிருந்தேன். எவனோ ஒட்டி நிறுத்தியிருந்தான், கீறிடப் போறானேன்னு."

"கேட்கலையா?"

"எதை?"

எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார்! முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அக்காவிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இந்நேரம் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. என் இடத்தில் அவரும் அவர் இடத்தில் நானும் இருந்திருந்தால், ஊரெல்லாம் ரேடியோ வைத்திருப்பேன். மெஷினை ஓட வைத்தது போகட்டும், மன்னிப்பதிலும் இந்த மனுஷர்தான் முந்திக்கொள்ள வேண்டுமா?

"ஞாயித்துக்கிழமை வர்றேன். வீட்டுல நீங்களே சொல்லிடுங்க" என்றார். "லிப்ட் ரெடியாயிடுச்சு, அதுலயே எறங்குங்க."

"வேணாம். காலுக்கு நல்லது" என்று படியிலேயே இறங்கினேன். அவர் மேலிருந்து ஓட்டிப் பார்க்கிறார் போலிருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் அந்தப் பெட்டி விளக்கோடு, ஆளில்லாமல், சத்தமே இல்லாமல் என்னைத் தாண்டிப் போனது. கீழே வருவதற்குள் அவளிடம் எப்படிச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். 'அத்தான் வர்றார்' என்று சொல்ல மாட்டேன். 'நான் கூப்பிட்டேன், வர்றார்' என்றுதான் சொல்வேன்.