மாப்பிள்ளையின் வான்கோழிகள்

வெந்நீர் அண்டாவுக்குள் தெர்மாமீட்டரை விட்டு மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தபோது, என் கையில் அறுத்த கோழி ஒன்று தலைகீழாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இறகு உருவ அறுபது டிகிரி வரவேண்டுமாம், ஐம்பத்தெட்டில் நிற்கிறதாம். அந்த இரண்டு டிகிரிக்காக நான் செத்த கோழியைப் பிடித்துக்கொண்டு தவம் கிடக்க வேண்டும். வெந்நீரில் விரலை மூன்று முறை முக்குவேன். மூன்றாவது முறை கை தானாகப் பின்வாங்கினால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் தெர்மாமீட்டர். இதுவரை ஒரு கோழிக்கும் தோல் உரிந்து வந்ததில்லை.

"இப்ப போடலாம் அத்தை" என்றான்.

"சரிங்க மாப்பிள்ளை" என்றேன். வாயில் எப்போதும் வாங்க, போங்கதான். மனசுக்குள் அவன் 'அவன்'தான். இங்கே மனசில் உள்ளபடியே சொல்கிறேன்.

ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழமாட்டான், அந்த அளவுக்கு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கோழியைத் தகரக் கூம்புக்குள் தலைகீழாக இறக்கியதும் அதன் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுப்பான். ஒருநாள் என்னவென்று கேட்டேன். ஸாரி சொல்கிறானாம். கத்தியைப் பிடித்திருப்பது நான், ஸாரி சொல்வது இவன். கோழிக்கு யாரிடம் கோபித்துக்கொள்வது என்றே தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து இந்த இரண்டு ஏக்கரையும் நான் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். கொட்டகையில் முந்நூறு கறிக்கோழி. வெளியே மேய்வதற்கு அறுபது சிவப்பு நாட்டுக்கோழி. ஒரே மகள். அவளைக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்குக் கொடுத்தேன், கம்பெனிக்காரர்கள் அவன் பிரிவையே மூடிவிட்டார்கள். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று இருவரும் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. மகள் வந்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். காலையில் கண் விழித்ததும் அடுக்களையில் இன்னொரு ஆள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்பது லேசான விஷயமில்லை. மாப்பிள்ளை அவளோடு இலவச இணைப்பாக வந்து சேர்ந்தான்.

சும்மா இருந்தால்கூடச் சோறு போட்டிருப்பேன். சும்மா இருக்கவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து நாற்பது வான்கோழிக் குஞ்சு வாங்கிவந்தான். வான்கோழிக் குஞ்சைப்போல மக்குப் பிறவி உலகத்தில் கிடையாது. முன்னால் தண்ணீர் இருந்தாலும் குடிக்கத் தெரியாமல் சாகும். இவன் நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் குடிக்கப் பழக்கினான். மினுமினுப்பைப் பார்த்தாவது கொத்தட்டும் என்று தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டான். சாகப்போகிற ஜீவனுக்கு விளையாட்டுச் சாமான் வேறா என்று பின்னால் நின்று சிரித்தேன். நாற்பதில் ஒன்றுகூடச் சாகவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வேலி. வான்கோழிகளுக்கு மேற்குப் பக்கம் தனித் தோட்டம், சுற்றி இரட்டைக் கம்பிவலை. அதற்குள் போக நீல ரப்பர் பூட்ஸ், கோழிக் கொட்டகைக்குக் கறுப்பு பூட்ஸ். கோழி மிதித்த மண் வான்கோழிக்கு ஆகாதாம். கோழியின் குடலில் ஒரு கிருமி இருக்குமாம், கோழியை ஒன்றும் செய்யாதாம், அதன் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தினால் வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடுமாம். போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்படிங்களா மாப்பிள்ளை" என்றேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பூட்ஸ் மாற்றுவான். மருமகன் கோழி வளர்க்கிறாரா, ஆபரேஷன் பண்ணுகிறாரா என்று முட்டை வாங்க வருகிறவள்கூடக் கேட்டாள்.

போன மாதம் சாப்பிடும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தான். பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். "இந்த நாப்பதும் நல்லபடியா ஓட்டலுக்கு வித்துப் போயிட்டா இங்கயே இருந்துடறோம் அத்தை. இல்லேன்னா அடுத்த மாசக் கடைசில கிளம்பிடுவோம்." மகள் தட்டிலேயே கண்ணாக இருந்தாள். அவளுக்குப் போக மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெற்று வளர்த்தவள் கல்லுப்போல் உட்கார்ந்திருக்க, என் மகள் என் வீட்டில் இருப்பதும் போவதும் நாற்பது மக்குப் பறவைகள் கையில் என்றால் வயிறு எரியாதா? அவன் வான்கோழிகள் தோற்க வேண்டும் என்றும் இருந்தது, என் மகள் போகக் கூடாது என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தீனி வாங்க அவன் டவுனுக்குப் போன ஒரு காலையில்தான் அதைச் செய்தேன். வான்கோழிகள் தின்பதில் பாதியைத் தொட்டியைச் சுற்றி இறைத்துவிடும். விலை உயர்ந்த தீனி மண்ணில் கிடந்து வீணாகிறதே என்று பார்க்கப் பார்க்க ஆற்றாமை. வேலிக் கதவைத் திறந்து என் சிவப்புக் கோழிகளில் பத்துப் பன்னிரண்டை உள்ளே ஓட்டினேன். ஒரு மணி நேரத்தில் தரையைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிட்டன. அவன் வருவதற்குள் வெளியே துரத்திக் கதவைச் சாத்தினேன். அவன் வெளியே போன இன்னும் மூன்று காலைகளில் இதையே செய்தேன். ஒரு வான்கோழிக்கும் தும்மல்கூட வரவில்லை. அவன் வந்து பயபக்தியாக நீல பூட்ஸை மாட்டும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

அது நடந்து பதினைந்து நாள் ஆகிறது. மூன்று நாளாக நாலைந்து வான்கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி வழிந்தன. வெயில் என்றேன். அவன் குந்தி உட்கார்ந்து அவற்றின் எச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சளாக இருந்தது.

இன்று அண்டாவிலிருந்து எடுத்த கோழியின் இறகை உருவிக்கொண்டிருந்தபோது மேற்கு வேலியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, இங்க வந்து பாரு." போய்ப் பார்த்தோம். பதினோரு வான்கோழிகள் செத்துக் கிடந்தன. மீதியில் முக்கால்வாசி தலையை இறக்கைக்குள் சொருகிக்கொண்டு நின்றன. பக்கத்தில் போனாலும் விலகவில்லை.

செத்ததில் பெரிய வான்கோழிச் சேவலைத் தூக்கி அங்கேயே பலகையில் போட்டு வயிற்றைக் கீறினேன். எத்தனை ஆயிரம் ஈரலைப் பார்த்தவள் நான். ஈரல் என்றால் வழுவழுவென்று, ஒரே நிறமாக இருக்க வேண்டும். இது இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. மேலெல்லாம் வட்ட வட்டமாகக் குழி விழுந்து, ஓரம் மஞ்சள் கட்டியிருந்தது. அரிசி புடைத்துக்கொண்டே நான் அரைக்கண்ணால் பார்த்த அதே படம்.

எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். ஈரலைப் பார்த்தான். பிறகு தீனித் தொட்டிக்குக் கீழே பார்த்தான். அங்கே மண்ணில் பாதி புதைந்து ஒரு சின்ன சிவப்பு இறகு கிடந்தது. அவனுடைய நாற்பதும் கறுப்பு. அவன் மெதுவாக எழுந்து போய் அந்த இறகின் மேல் காலை வைத்து நின்றுகொண்டான்.

"எப்படி வந்துச்சு?" என்றாள் மகள். "ரெண்டு வேலி போட்டீங்க, ரெண்டு பூட்ஸ் வாங்குனீங்க. எப்படி வந்துச்சு?"

"நான்தான். ரெண்டு மூணு தடவ பூட்ஸ் மாத்தாம உள்ள போயிட்டேன்."

பொய் சொல்லக்கூடத் தெரியாத ஜென்மம். ஆனால் மகள் நம்பினாள், அல்லது நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது. ஒரு செருப்பை மாற்றிப் போடத் துப்பில்லை, இதில் பண்ணை வேறு என்று பிடிபிடியென்று பிடித்தாள். நான் இரண்டு வருடமாக மனசுக்குள் அவனைத் திட்டிய வார்த்தை ஒவ்வொன்றையும் அவள் வாயில் கேட்டேன். "மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? நாளைக்கே கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

நான் வாயே திறக்கவில்லை. தெருவே பயப்படும் வாய் இது. அவன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி இவனிடம் யார் கேட்டது? இவன் போடுகிற பிச்சையில் என் மானம் பிழைக்க வேண்டுமா?

கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டப் போனான். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, அதற்கே சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மண்வெட்டியை அகப்பை மாதிரிப் பிடித்திருந்தான். வரும்போதே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். உண்மையைச் சொன்னால் மகள் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டாள். ஆனால் தோற்றது புருஷன் இல்லை என்றால் இன்னொரு தடவை குஞ்சு வாங்கலாம், ஆறு மாதம் இருப்பார்கள். மானம் போனாலும் மகள் இருப்பாள்.

"மாப்பிள்ளை, கோழிய உள்ள விட்டது நான்தான். இப்பவே போயி அவகிட்ட சொல்லிடறேன்."

அவன் தோண்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் அத்தை. சொல்ல வேணாம்."

"ஏன் சொல்ல வேணாம்?"

இன்னும் இரண்டு வெட்டு வெட்டினான். பிறகு மண்வெட்டியை ஊன்றி நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"போகணும்னு சொல்லிட்டிருந்தது அவதான் அத்தை. வந்த ஆறாம் மாசத்துலேர்ந்து. உங்ககிட்ட சொல்ல அவளுக்கு தைரியம் இல்ல. நான்தான் வான்கோழி, ஓட்டல்னு எதையாவது சொல்லி இழுத்துட்டிருந்தேன். எனக்கு இங்க பிடிச்சிருந்துச்சு." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். "உங்களாலதான்னு தெரிஞ்சா அதயே சாக்கா வெச்சு உங்க உறவயே வெட்டிட்டுப் போயிடுவா. அப்புறம் வரமாட்டா. எம்மேலயே இருக்கட்டும்."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கோழியிடம் ஸாரி சொல்கிற அதே குரலில் என்னிடமும் பேசிவிட்டான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இப்படிப்பட்டவனை எதைக்கொண்டு அடிப்பது?

"எவ்வளவு ஆழம் வேணும் அத்தை?" என்றான்.

"இடுப்பு வரைக்கும். இந்த ஆழத்துக்கு நாய் தோண்டி எடுத்துடும்."

தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்தான். நான் செத்த வான்கோழிகளைக் காலைப் பிடித்து இரண்டிரண்டாக இழுத்துவந்து குழி ஓரத்தில் போட்டேன். ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கனம் இருந்தது, நன்றாகத்தான் வளர்த்திருந்தான். சுண்ணாம்பு மூட்டையின் வாயைப் பிரித்தேன்.

வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பெட்டியை இழுக்கும் சத்தம், போனில் யாரிடமோ மகள் பேசும் சத்தம். திடீரென்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்கு, வேலிக்குள் இன்னும் நோய் தொடாமல் நின்ற ஐந்தாறு சேவல்கள் கழுத்தை நீட்டி, வாலை விசிறிக்கொண்டு, ஒரே நேரத்தில் கடகடவென்று பதில் கொடுத்தன. அவள் மறுபடி சிரித்தாள். அவை மறுபடி பதில் கொடுத்தன.