சம்பூர்ணம் கொண்டுவந்த தீர்மானம்

புதுவாயலுக்கு மேற்கே இருந்த அந்தப் பஞ்சாயத்தில், 1974-ல், போர்ட்டிகோ வைத்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது பஞ்சாயத்துத் தலைவர் சுப்பராயனுடையது. அவருக்குக் கார் கிடையாது, வாங்கும் எண்ணமும் கிடையாது. ஆனாலும் போர்ட்டிகோ வேண்டும் என்று கட்டினார். கட்டிய ஜோரில் அது ரோட்டுக்குள் ஆறடி புகுந்துவிட்டது. தலைவரை யார் கேட்பது? சைக்கிள்காரர்கள் வாயை மூடிக்கொண்டு வளைத்து ஓட்டிப் போனார்கள்.

அதற்காக சுப்பராயனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. புதிதாக வந்த ஒரு இரும்பு ஃபாக்டரி, பஞ்சாயத்து ஒப்புக்கொண்ட பிளானை மீறி, ஏரிக்குத் தண்ணீர் போகிற கால்வாயை மறித்து மதில் எழுப்பியபோது முதல் ஆளாக எகிறியவர் அவர்தான். மழைக்கு முன்னால் மதில் போகாவிட்டால் ஏரி நிரம்பாது, ஊர் முழுக்கத் தரிசுதான். உடனே இடிக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார்.

ஃபாக்டரி மேனேஜர் ஜீப்பில் வந்தார். அந்தப் போர்ட்டிகோ நிழலிலேயே உட்கார்ந்து, சுப்பராயன் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு, தூணைத் தட்டிப் பார்த்தார்.

"ஜோரா கட்டியிருக்கீங்க. ஆனா ரோட்டுல இல்ல நிக்குது? சட்டம் எங்களுக்கு மட்டும்தானா, தலைவரே? நீங்க மொதல்ல இதை இடிங்க, மறுநாளே நாங்க மதிலை எடுத்துடறோம். இல்லன்னா கோர்ட்டுல பாத்துக்கலாம்."

சுப்பராயன் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது அவர் மனைவி சம்பூர்ணம் கேட்டாள்.

"இன்னா பண்ணப் போறீங்க?"

"கோர்ட்டுக்குத்தான் போவணும்."

"கோர்ட்டு முடியறதுக்குள்ள எத்தினி மழை வந்துட்டுப் போவும்?"

"நீ வேற பேஜார் பண்ணாத. ரசத்த ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சம்பூர்ணமும் பஞ்சாயத்து மெம்பர்தான். தேர்தலில் பெண்கள் யாரும் நிற்காததால், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதிக்காக சுப்பராயனே அவளைச் சேர்த்துவிட்டிருந்தார். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதும், கூட்டத்துக்கு டீ வந்துவிட்டதா என்று பார்ப்பதும்தான் அதுவரை அவள் ஆற்றிய மக்கள் பணி.

மேனேஜர் போட்ட நிபந்தனையைப் பேசப் பஞ்சாயத்துக் கூட்டம் கூடியது. சொந்த வீட்டு விஷயம் என்பதால் சுப்பராயன் நாற்காலியைத் துணைத்தலைவர் தேசப்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"தலைவரோட போர்ட்டிகோவ எடுக்கணும்னு யார்னா தீர்மானம் கொண்டாரீங்களா?" என்றார் தேசப்பன், வேண்டாவெறுப்பாக.

ஒரு மெம்பர் அண்ணாந்து கூரை ஓட்டைப் பார்த்தார். இன்னொருவர் துண்டை உதறினார். சுப்பராயன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். எவனுக்கு இருக்கிறது அந்தத் தைரியம்?

"நான் கொண்டாறேன்" என்று கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. சம்பூர்ணம்.

கிளார்க் பாக்கியநாதனின் பேனா நின்றுவிட்டது. "யாரோட போர்ட்டிகோன்னு மெம்பர் வாயால பேரச் சொல்லணும்மா. அப்பதான் தீர்மானம் செல்லும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதே இல்லை. பெரியபாளையத்தில் அம்மனுக்கு அர்ச்சனை செய்யும்போதுகூட, பேர் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்களை இடிப்பாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள். தீர்மானம் தீர்ந்தது என்று சுப்பராயன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

சம்பூர்ணம் எழுந்து நின்றாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சுப்பராயன்" என்றாள். "தகப்பன் பேரு ராஜவேலு. எழுதிக்கோங்க."

மாமனார் பேரையுமா! பாக்கியநாதனின் பேனா மறுபடி ஓட ஆரம்பித்தது.

"அந்தத் தூணுல தாமரப்பூ வெக்கச் சொன்னதே நான்தான். வெயில்ல நின்னு தண்ணி ஊத்துனதும் நான்தான். எனக்கு மட்டும் ஆசையில்லியா? ஆனா ஏரி ரொம்பலன்னா ஊரு இன்னாத்தத் துன்னும்?"

சுப்பராயனுக்கு முதலில் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அப்புறம் நெஞ்சுக்குள் என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. தேர்தலில் ஊரே அந்தப் பேரைக் கத்தியிருக்கிறது. அப்போதெல்லாம் வராத பெருமை இப்போது வந்தது. இத்தனை நாளாக இவளை டீ சொல்லவா உட்கார வைத்திருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. முதலில் தூக்கியது அவர் கைதான்.

"ஒங்களுக்கு இதுல ஓட்டு இல்லீங்க" என்று பாக்கியநாதன் காதருகில் சொன்னார்.

"ஓட்டு இல்லன்னா போவுது. கை என்னுது, தூக்கிக்கினு இருக்கேன்."

மற்ற கைகளும் மளமளவென்று எழுந்தன.

மறுநாள் போர்ட்டிகோவில் முதல் கடப்பாரையை சுப்பராயனே போட்டார். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. சாயங்காலம், தீர்மானச் சேதி கேட்டு மேனேஜரின் ஜீப் வந்து நின்றது. இடிபாட்டைப் பார்த்து அவர் இறங்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒங்க மேலயே தீர்மானமா? எவன் சார் போட்டது?"

"எவனும் இல்ல" என்றார் சுப்பராயன், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, ஊருக்கே கேட்கிற குரலில். "மெம்பர் சம்பூர்ணம். எங்க ஊட்டுக்காரி."

பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டிய எடுங்க. மதில எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"