வைமோனாவின் பத்தாவது பாய்

கடல் தாண்டி வந்த கதை ஒன்று உண்டு. வந்தவள் உண்மையான ராஜகுமாரிதானா என்று பார்க்க, இருபது மெத்தைக்கு அடியில் பட்டாணி வைப்பார்களாம். சமோவாவில் மெத்தைக்கு எங்கே போவது? எங்களுக்குத் தாழம்பாய்தான். பட்டாணிக்குப் பதில் சிப்பி. என் கதையில் வருகிறவளும் என்னைப் போன்றவள். பிறந்தபோது ஊர் பையன் என்றது, அவள் பெண்ணாக வளர்ந்தாள். ஃபாஃபாஃபினே என்போம். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம், உட்கார இடமாவது கிடைக்கும்.

அவள் பெயர் லூபே. காதலித்த இயோசெஃபாவைத் தேடிப் பக்கத்துத் தீவிலிருந்து கொட்டும் மழையில் படகேறி வந்தாள். அவன் அம்மா வைமோனா ஊர்த்தலைவரின் விதவை. அவள் வாயைத் திறந்தால் கோழிகூட ஒதுங்கிப் போகும்.

“பொம்பளைன்னு சொல்றா. பாத்துருவோம்,” என்று ஊர் கேட்கச் சொன்னாள். “பத்துப் பாய்க்கு அடியில சிப்பி வைக்கிறேன். நெசமான பொம்பளை ஒடம்புன்னா உறுத்தும். இல்லைன்னா காலைப் படகுல ஏத்திவிட்டு, பாதிரியார் மகளை இவனுக்குக் கட்டிவைப்பேன்.”

வீட்டில் படுக்கிற பாய் ஒன்பதுதான் இருந்தது. எண்ணிக்கை குறையக் கூடாதென்று அந்த வீம்புக்காரி உத்தரத்திலிருந்து சீர்ப்பாயை இறக்கி மேலே விரித்துவிட்டாள். கல்யாணம், சாவு தவிர வெளியே எடுக்காத பாய். துணி மாதிரி மெல்லிசு. வைமோனாவின் அம்மா இரண்டு வருஷம் உட்கார்ந்து பின்னியது. அதில் யாராவது படுப்பார்களா? வீம்பு வந்துவிட்டால் எங்கள் பெண்களுக்குக் கண் தெரியாது.

இயோசெஃபா லூபேயின் காதைக் கடித்தான். “இடுப்புக்கு நேரா வச்சிருக்கு. சும்மா படுத்து எந்திரிச்சு, ‘ஐயோ, உறுத்துச்சு’ன்னு சொல்லிடு செல்லம்.”

“சீர்ப்பாய் மேலயா? மூளை இருக்கா உனக்கு?”

“ஒரு ராத்திரிதானேடி!”

“நீ எனக்கு வேணும்டா. அதுக்காக அதைப் பின்னினவங்க கைய மிதிக்கச் சொல்றியா?”

பாயைச் சுருட்டி உத்தரத்தில் வைத்துவிட்டு, கூழாங்கல் தரையில் படுத்துக்கொண்டாள்.

காலையில் வைமோனா வந்தாள். “என்ன, உறுத்துச்சா?”

“நான் அதுல படுக்கவே இல்லைங்க. சீர்ப்பாயை மேல வச்சிட்டேன். நான் பொம்பளைன்னு நாலு வயசுலயே எனக்குத் தெரியும், சிப்பி வந்து சொல்ல வேண்டாம். வர்றேன்.”

அழுகிற இயோசெஃபாவைத் திரும்பிப் பார்க்காமல் படகேறினாள். வைமோனா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். தான் செய்த காரியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய தப்பு செய்தவர், யாருக்குச் செய்தாரோ அவர் எதிரில் சீர்ப்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். அவர் வந்து பாயை விலக்கினால்தான் மன்னிப்பு. அதுவரை எழுந்திருக்கக் கூடாது.

படகு நகரும்போது கரை மணலில், ஊரே பார்க்க, பாயைப் போர்த்திக்கொண்டு வைமோனா உட்கார்ந்திருந்தாள்.

லூபே தண்ணீரில் குதித்து, விழுந்தடித்து ஓடிவந்து பாயை விலக்கினாள். “எந்திரிங்க அத்தை, எல்லாரும் பாக்குறாங்க!”

“பாக்கட்டும்டி. நேத்து உன்னைச் சோதிச்சதையும் எல்லாரும்தானே பாத்தாங்க.”

இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். என் எதிரில் யாரும் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை. அதனால் வைமோனா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும் என்று, லூபே ஓடிவருவதை மட்டும் மெதுவாகத்தான் சொல்வேன்.